கள்ளிமுளையான் பூ

எங்கள் தேவதானப்பட்டிக் கரட்டில், அந்தக் கல் குன்றில், கள்ளிமுளையானைப் பூவுக்காக யாரும் தேடிப் போனதில்லை. விரல் பருமனில் பட்டை பட்டையாக நிற்கும் அந்தத் தண்டை ஒடித்து வந்து துவையல் அரைப்பார்கள், அவ்வளவுதான் அதற்கு மரியாதை. கல்லூரியில் தாவரவியல் படித்த என் அக்காதான் அதைப் படமெடுக்கக் கிளம்பினாள். வறண்ட நிலத்துச் செடிகளைப் பற்றி ஓர் ஆல்பம் தயாரிக்க வேண்டுமாம். மற்ற பக்கங்கள் நிறைந்துவிட்டன. இந்தப் பூ மட்டும் பாக்கி.

துணையில்லாமல் கரட்டுக்குப் போகக் கூடாது, அதுவும் இந்த ஒரு பூவோடு சரி என்பது அப்பாவின் சட்டம். அந்தத் துணை, எட்டு வயதான நான். நாயைக் கண்டால் அக்காவின் பின்னால் ஒளிந்துகொள்ளும் காவல்காரி.

சூரைமுள் புதருக்குள் ஒரு செடி மொட்டு விட்டிருந்தது. அக்கா தினமும் தரையில் படுத்து, இரவல் கேமராவை முள்ளுக்குள் நீட்டிப் பார்ப்பாள்.

"நாளைக்குப் பூத்துரும்டி. இந்த முள்ளுதான் மறைக்குது" என்று அலுத்துக்கொண்டாள்.

எனக்கு அது போதாதா? அன்று சாயங்காலமே புல்லறுக்கும் அரிவாளோடு தனியாகப் போய்ப் புதரை வெட்டி ஒதுக்கினேன். கையெல்லாம் கீறல். ஆனால் மொட்டு பளிச்சென்று தெரிந்தது. காலையில் அக்கா என்னைத் தூக்கிச் சுற்றப் போகிறாள் என்று நினைத்து நினைத்துச் சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

மறுநாள் நாங்கள் போனபோது அங்கே ஒட்ட மேய்ந்த கட்டைகள்தான் இருந்தன. பக்கத்தில் நின்ற ஆட்டுக்காரம்மாவிடம் அக்கா சண்டைக்குப் போனாள்.

"முள்ளு இருந்தவரைக்கும் எங்க ஆடு அங்கன வாய் வச்சுச்சா ஆத்தா? யாரோ வெட்டிப் போட்டிருக்காக. வெட்டுனவுகளப் போய்க் கேளு."

வெட்டினவளான நான் கைகளை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றேன்.

மதியம் அக்கா என் கைகளை இழுத்து வைத்துத் தேங்காய் எண்ணெய் தடவினாள். எப்படிக் கீறியது என்று கேட்கவே இல்லை. "பூ என்னம்மா ஆச்சு?" என்று அப்பா கேட்டபோது, "எடுத்தாச்சுப்பா. இனிமே கரட்டுக்குப் போக வேண்டியதில்ல" என்றாள். ஆடு தின்றுவிட்டது என்றால் எப்படி என்று அப்பா துருவுவார். நான் அரிவாளோடு தனியாகப் போனது தெரிந்தால் என் முதுகுத் தோல் உரிந்திருக்கும்.

இத்தனை வருஷம் கழித்து, போன மாதம் அக்கா வீட்டில் அந்த ஆல்பத்தைப் புரட்டினேன். கடைசிப் பக்கத்தில் அவள் கையெழுத்தில் கள்ளிமுளையான் என்ற பெயர் மட்டும் இருந்தது. படம் ஒட்ட வேண்டிய இடம் காலி. அக்கா பக்கத்திலேயே காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. என்னைப் போல ஒரு கோழை உண்டா என்று என் மீதே ஆத்திரமாக வந்தது.

கீறலுக்கு எண்ணெய் தடவியவளுக்கு அது எந்த முள் என்று தெரியாமலா இருந்திருக்கும்? அன்றைக்கு எனக்கு அது உறைக்கவில்லை. அக்கா ஏமாந்துவிட்டாள், நான் தப்பித்துவிட்டேன் என்று நினைத்து, இரண்டு கவளம் சோறு கூடுதலாகவே சாப்பிட்டேன்.