உப்புக்காற்றின் மேல் போட்ட பழி

மூன்று மணிக்கு ஒன்லைனில் வேலைக்கான நேர்முகப் பரீட்சை. ஒரு மணிக்கு ஹெட்செட்டைக் கொம்பியூட்டரோடு இணைக்கும் வயர் செத்துவிட்டது. இந்த வருடத்தில் இது மூன்றாவது.

காத்தான்குடிக்கு ஸ்கூட்டியில் பறந்தேன். வழமையான கடைக்காரத் தம்பி என்னைக் கண்டதும், “என்னக்கா, மறுகாவும் போயித்தா?” என்றார்.

“வாவிக்கரை வீடு தம்பி. உப்புக்காத்து எல்லாத்தையும் தின்னுது. துருப்பிடிக்காத, தங்கப் பூச்சு முனையுள்ளதாத் தாங்க. கெதியா!”

அவர் அவசரப்படவேயில்லை. பழைய வயரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“முனை பளபளண்டு இருக்கு. கழுத்துத்தான் முறிஞ்சிருக்கு. இதக் கடைக் கொம்பியூட்டர்ல குத்தி, ஒருக்கா கழட்டிக் காட்டுங்க.”

காட்டினேன். நேரம் போகிறதே என்ற பதற்றத்தில் வயரைப் பிடித்து ஒரே இழுவை.

“மாடெண்டா கயித்தப் பிடிச்சு இழுக்கலாம் அக்கா. இதத் தலையப் பிடிச்சுத்தான் கழட்டணும்.”

கழுத்தில் தடித்த றப்பர் உறை போட்ட ஒன்றைத் தந்தார். தங்கமும் இல்லை, மினுக்கமும் இல்லை.

மூன்று மணி. நேர்முகத்தில் முதல் கேள்வி: “உங்களுடைய பலவீனம் என்ன?”

“உப்புக்காற்று” என்று வாய்வரை வந்துவிட்டது.

உண்மையைச் சொல்லுங்கள், உங்கள் வீட்டில் வயரைப் பிடித்து இழுப்பது யார்?