ஏரிக்குள் ஒரு சிவப்புப் புள்ளி

பழவேற்காடு ஏரியில் கையால் துழாவி இறால் பிடிக்கும் அந்த அம்மா, கூடைக் கயிற்றைப் பல்லில் கடித்துவிட்டால் அப்புறம் பேசமாட்டார். எங்கள் பல்கலைக்கழகப் படத்தொகுப்பில் அவர் படம் இருந்தது, பெயர் இல்லை. பெயரைக் கேட்டு எழுதப் போன நான், கரையில் நின்ற அவரிடம் கைப்பேசியில் அந்தப் படத்தைக் காட்டினேன்.

"கீழ இன்னா செவப்பா புள்ளி?"

"படம் எடுத்த எடம்மா. மேப்புல யார் வேணா பாக்கலாம்."

"எங்க எறா எடம்! யாராண்டயும் சொல்லமாட்டேன்னு படம் புடிச்ச உங்க சாரு சத்தியம் பண்ணாரே. அதான் இப்ப அங்க ஊரான் வலையா கெடக்குதா?"

"அவர் சொல்லலம்மா. எடத்த கேமராவே பதிவு பண்ணிடும்."

"கேமரா இன்னா, தானா நடந்து வந்துச்சா?"

பெயரைக் கேட்டேன். கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு மணலில் உட்கார்ந்துவிட்டார். நான் கைப்பேசியோடு சாலைக்கு ஏறும் வரை தண்ணீரில் கால் வைக்கவில்லை.