ஒற்றைக் கல் வியாபாரம்

என் அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். மெக்கானிக்காக இருந்தான் என்று சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை. இரண்டு மாடிக்கு நடுவில் யாராவது மாட்டிக்கொண்டு மணியை அழுத்தினால், சாப்பிடும் தட்டை அப்படியே வைத்துவிட்டு ஓடுகிறவன். போன வருடம் ஏணி வழுக்கி விழுந்ததில் இடுப்பு எலும்பு முறிந்தது. எலும்பு கூடிவிட்டது, இனி நடப்பது அவர் கையில்தான் இருக்கிறது என்றார் டாக்டர். அவன் கையில் இருந்ததோ மவுஸ்.

கம்ப்யூட்டரில் ஒரு விளையாட்டு. அதில் ஊரே கத்தியைத் தூக்கிக்கொண்டு சண்டைக்குப் போனால், இவன் மட்டும் மலையடிவாரத்தில் செம்புக்கல் வெட்டிக்கொண்டிருப்பான். வெட்டியதைச் சந்தையில் கட்டாகப் போட்டு விற்கலாம். ஒரு கட்டில் எத்தனை கல் என்பது விற்பவன் இஷ்டம். வாங்குகிறவன் கட்டைப் பிரிக்க முடியாது, எடுத்தால் முழுசாகத்தான் எடுக்க வேண்டும். விற்றதும் டிங்கென்று ஒரு மணி அடிக்கும், வாங்கியவர் பெயர் திரையில் வரும்.

முதலில் இருநூறு கல்லை ஒரே கட்டாகப் போட்டான். அவ்வளவு கல் யாருக்கு வேண்டும்? நாள்கணக்கில் தூங்கியது. என் வீட்டுக்காரரும் அந்த விளையாட்டில் ஊறியவர். ஒரு கேடயம் அடிக்கப் பன்னிரண்டு கல் வேண்டும், அதனால் பன்னிரண்டாகப் போடுங்கள் மச்சான் என்றார். போட்டான், மளமளவென்று விற்றது. அதோடு விட்டிருக்கலாம். இவன் கட்டுகளையெல்லாம் பிரித்து ஒவ்வொரு கல்லாகப் போட ஆரம்பித்தான். என் வீட்டுக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். ஏன் இந்தத் தலையெழுத்து என்று நான் கேட்டதற்கு அண்ணன் சொன்னான்: "பதினொண்ணு கையில வெச்சுக்கிட்டு ஒண்ணுக்கு அல்லாடுறவன் இருப்பான்ல. அவன் பன்னெண்டையுமா வாங்குவான்?"

அப்படி அல்லாடுகிறவர்கள் ஏராளம் போலிருக்கிறது. மணி அடித்தபடியே இருந்தது. கம்ப்யூட்டர் முன்னறையில், இவன் கட்டில் பின்னறையில். காலையில் அண்ணி தாங்கிப் பிடித்துக் கூட்டிவந்து உட்கார வைப்பாள். கொஞ்ச நேரம் கல் வெட்டுவான், இடுப்பு வலித்ததும் படுக்கப் போய்விடுவான். பிசியோதெரபிக்காரர் கெஞ்சினாலும் கொஞ்சினாலும் அசைந்து கொடுக்காதவன், மணிச் சத்தம் கேட்டால் மட்டும் வாக்கரைப் பிடித்துக்கொண்டு தானாக எழுந்து வருவான். யார் வாங்கியது என்று பார்ப்பான், இன்னொரு கல்லைப் போடுவான், திரும்புவான். மணி வாழ்க என்று நான் மனசார வாழ்த்தினேன்.

அண்ணிக்கு ஆஸ்பத்திரியில் வேலை. ஆபரேஷன் சாமான்களைக் கொதிக்க வைத்துச் சுத்தம் பண்ணும் பிரிவு. ராத்திரி ஷிப்ட் முடித்து வந்து, பகலில் அந்த மணிச் சத்தத்துக்கு நடுவில்தான் தூங்குவாள். ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை.

ஒரு நாள் காலையில் அவள் கை நழுவி வெந்நீர்ப் பாத்திரம் காலில் கவிழ்ந்துவிட்டது. அவள் போட்ட சத்தம் கீழ் வீட்டில் இருக்கும் எனக்கே கேட்டது. ஓடிப் போனேன். அண்ணன் கட்டிலில் கிடந்தபடி, என்னால எந்திரிக்க முடியல, நீ போய்ப் பாரு என்று என்னிடம் சொன்னான். நான் அண்ணியின் காலில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது மணி அடித்தது. கூடத்தில் வாக்கர் சத்தம் வந்தது. சமையலறை வாசலில் நின்று, ரொம்பவா என்று கேட்டான். அண்ணி நிமிர்ந்து பார்த்தாள். அவன் முன்னறைக்குப் போய்விட்டான்.

அதற்கு மறுநாளிலிருந்து மணி அடிக்கவில்லை. ஸ்பீக்கர் கெட்டுவிட்டதா என்று அண்ணன் கேட்டான். அண்ணி, நல்லாத்தானே இருக்கு என்றாள். நம்ம கல்லு இனி யாருக்கும் வேண்டாம்போல என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவன், காலையில் உட்காரக்கூட மறுத்துவிட்டான். பிசியோதெரபிக்காரர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இப்படியே கிடந்தால் தசை செத்துவிடும், அப்புறம் ஆயுசுக்கும் சக்கர நாற்காலிதான் என்றார்.

நேராகக் கம்ப்யூட்டரைப் போய்த் திறந்தேன். ஒற்றைக் கல் ஒன்றுகூட இல்லை. எல்லாம் இருநூறு இருநூறாகக் கட்டிக் கிடந்தது. அண்ணி கையில் பையோடு பின்னால் நின்றிருந்தாள். அன்றைக்கு அவளுக்குச் சாயந்தர ஷிப்ட்.

"நீங்களா அண்ணி?"

"நான்தான்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த மவுஸை உடைத்திருப்பேன். "அந்த மணிக்காகத்தான் அவன் நடந்துக்கிட்டிருந்தான், தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும். அதான் கட்டினேன்." பையைக் கீழே வைக்காமலே பேசினாள். "எவனோ ஒருத்தனுக்கு ஒரு கல்லு குறைஞ்சா எந்திரிச்சு வர்றாரு. நான் கால் வெந்து கத்துறேன், வரல. அப்ப எனக்கு என்னதான் குறையணும்?"

யார் பக்கம் பேசுவது என்றே தெரியவில்லை. பின்னறைக் கதவு திறந்துதான் இருந்தது. அண்ணன் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறான். அப்புறம் அங்கிருந்தே சொன்னான்:

"உன்கிட்ட வந்து நான் என்ன பண்ண முடியும்? உன்னைத் தூக்க முடியுமா? ஒரு வாளித் தண்ணி கொண்டுவர முடியுமா? அவங்களுக்கு ஒரு கல்லாவது குடுக்க முடியுது."

அப்போதுதான் அண்ணியின் முகம் உடைந்தது. இத்தனை மாதத்தில் அவள் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். நான் மவுஸைப் பிடித்துக் கட்டுகளைப் பிரிக்கப் போனேன். அவள் என் கையைத் தள்ளிவிட்டாள்.

"எனக்கு ஒண்ணும் பண்ண வேண்டாம்," என்றாள் பின்னறையைப் பார்த்து. "வந்து நில்லுங்க. சும்மா நில்லுங்க."

இவளாவது பிடிவாதத்தை விடக்கூடாதா என்று நான் உள்ளுக்குள் மறுகினேன். பிறகு கட்டில் கிறீச்சிட்டது. வாக்கர் தரையில் ஊன்றியது, நின்றது, மறுபடி ஊன்றியது. இத்தனை நாள் படுத்தே கிடந்ததில் கால் துவண்டுபோயிருந்தது. கூடத்தில் பாதி வழியில் சுவரில் சாய்ந்துவிட்டான். நான் பிடிக்க ஓடினேன், அண்ணி என் புடவையைப் பற்றி இழுத்து நிறுத்தினாள். பிடியை விடவே இல்லை.

கீழே அவளை ஏற்றிப்போகும் ஆஸ்பத்திரி பஸ் வந்து, ஹாரன் அடித்துவிட்டுப் போயிற்று. அவள் ஜன்னல் பக்கம் திரும்பக்கூட இல்லை.