இடது தோளுக்கு ஒரு சலாம்

மயிலாப்பூர் மாடி வீட்டில் அன்வரி பேகம் தனியாக இருக்கிறாள். ஒரு மாதமாக இடப்பக்கம் திரும்பினால் வீடே சுழல்கிறது.

"காதுக்குள்ள இருக்கிற துகள் இடம் மாறியிருக்கும்மா. சுத்தினா யாரையாவது பிடிச்சுக்கோங்க" என்றார் டாக்டர்.

யாரை என்று அவள் கேட்கவில்லை. அலமாரியைப் பிடித்துக்கொள்கிறாள்.

இப்போது நாற்காலியில்தான் தொழுகை. முடிவில் இரு தோள்களிலும் இருக்கும் வானவர்களுக்குத் திரும்பிச் சலாம் சொல்ல வேண்டும். வலப்பக்கம் தொல்லையில்லை.

"இடப்பக்கம் லேசா திரும்பினா போதும் அம்மி" என்றாள் வேளச்சேரியில் இருக்கும் மகள் மெஹக், போனில்.

"முழுசாத்தான் திரும்புவேன்" என்று எரிந்து விழுந்தாள் அன்வரி.

அன்று மாலையும் நாற்காலியை இறுகப் பிடித்துக்கொண்டு முழுதாகத் திரும்பினாள். அறை சுழன்றது. சுழலட்டும். நேரில் சலாம் சொல்ல அவளுக்கு அந்த இருவரை விட்டால் ஆளில்லை.