புடவை மடிப்பும் மாத்துத் துணியும்

உங்கள் பொழுதுபோக்கையே தொழிலாக்குங்கள் என்று மைக் பிடித்துப் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. கள்ளக்குறிச்சியில் பெண்களுக்கு இலவசப் பயிற்சி என்று கூப்பிட்டு, ஆளுக்கு ஒரு டீயும் ரெண்டு பிஸ்கட்டும் கொடுத்து, ஒரு அம்மா அரை நாள் அதையேதான் சொன்னார். கேக் செய்யத் தெரியுமா, விற்கலாம். மருதாணி போடத் தெரியுமா, ஆர்டர் எடுக்கலாம். உங்கள் கைதான் உங்கள் மூலதனம். நானும் கை தட்டினேன். அது யாருடைய கை என்று ஊர் முதலில் பார்க்கும் என்பதை அந்த அம்மா சொல்லவில்லை. அவருக்கு அது தெரிந்திருக்க வேண்டிய அவசியமே வந்திருக்காது.

என் கைக்குத் தெரிந்தது புடவை மடிப்பது. காலேஜ் ஹாஸ்டலில் பொங்கல் விழா, ஃபேர்வெல் என்று வந்தால் என் அறை வாசலில் பெண்கள் வரிசையாக நிற்பார்கள். முந்தானையை விரல் அகலத்துக்கு மடித்து, கொசுவத்தை ஒரே அளவில் எடுத்து, இஸ்திரி போட்டு, கிளிப் மாட்டிக் கொடுத்தால் கட்டவே தெரியாதவள்கூட அஞ்சு நிமிஷத்தில் கட்டிக்கொண்டு போய்விடுவாள். காசு வாங்கியதில்லை. பட்டு சொன்ன பேச்சைக் கேட்கும், ஆர்கன்சா துணி முறுக்கிக்கொண்டு நிற்கும். அதை வழிக்குக் கொண்டுவருவதில் எனக்கு ஒரு குஷி.

பயிற்சி முடிந்த கையோடு ஸ்டீம் அயர்ன் வாங்கினேன். மடித்த புடவைகளை அட்டைப்பெட்டியில் வைத்துப் படம் எடுத்து இன்ஸ்டாகிராமில் போட்டேன். ‘ப்ரீ ப்ளீட்டிங்’ என்றுதான் எழுதினேன். புடவை மடித்து, தேய்த்துத் தரப்படும் என்று தமிழில் எழுத எனக்குப் பயம். ஏனென்றால் துணி வெளுப்பதும் தேய்ப்பதும் எங்கள் சாதித் தொழில். அப்பா டவுனில் தள்ளுவண்டியில் இஸ்திரி போடுகிறார்.

அதில் எனக்கு ஒரு வெட்கமும் இல்லை. வண்டியில் போடுவதற்குக் கூலி உண்டு. எனக்கு ஆகாதது மாத்து. தாத்தா காலத்திலிருந்து கச்சிராயபாளையம் பக்கத்தில் சில ஊர்களுக்கு நாங்கள் கட்டுப்பட்டவர்கள். அங்கே கல்யாணம் என்றால் அப்பா வெளுத்த வெள்ளைத் துணிகளை எடுத்துக்கொண்டு போக வேண்டும். பெண் நடந்து வரும் வழியில் குனிந்து விரிக்க வேண்டும். அவள் தாண்டியதும் பின்னால் கிடப்பதைச் சுருட்டிக்கொண்டு முன்னால் ஓடி மறுபடி விரிக்க வேண்டும். முடிந்ததும் பின்வாசலில் சோறு, ஒரு பழைய புடவை. அதற்குப் பெயர்தான் மாத்து. காலேஜ் முடித்த வருஷம், இனிமேல் அதற்குப் போனால் இந்த வீட்டில் சாப்பிட மாட்டேன் என்று பட்டினி கிடந்து, அதை நிறுத்த வைத்தேன்.

அப்புறம்தான் அந்தக் கல்யாண ஆர்டர் வந்தது. பெண் சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. போனில் வாய்க்கு வாய் சிஸ்டர், சிஸ்டர். “நீங்க நேர்ல வந்து கட்டி விடணும் சிஸ்டர், உங்க ஒர்க் பாத்து நான் ஃபிளாட்.” முழுப் பணமும் முன்னாடியே அனுப்பிவிட்டாள். மண்டபம் கச்சிராயபாளையம் தாண்டி. முதல் பஸ்ஸில் போய் இறங்கினேன். கல்வராயன் மலை மேல் மேகம் உட்கார்ந்திருந்தது. மழை வந்தால் பட்டு நனையுமே என்ற ஒரே கவலையோடுதான் உள்ளே போனேன்.

பெண்ணுக்குப் பாதி கட்டிக்கொண்டிருக்கும்போது அவளுடைய அத்தை அறைக்குள் வந்தாள். வந்தவள் புடவையைப் பார்க்கவில்லை, என் முகத்தையே பார்த்தாள்.

“உங்க மூஞ்சிய எங்கியோ பாத்த மாதிரி கீதே. யார் வூட்டுப் பொண்ணும்மா நீங்க?”

அப்பா பேரைச் சொன்னேன். பொய் சொல்லியிருக்கலாம். நான் ஏன் சொல்ல வேண்டும்?

“அட, நம்ம வண்ணான் பொண்ணா நீ! அதான பாத்தேன், மடிப்பு இம்மாம் சுத்தமா கீதேன்னு.”

ஒரு நொடியில் ‘நீங்க’ போய் ‘நீ’ வந்துவிட்டது. அதுகூடப் போகட்டும். நான் பழகிப் பழகி, கை சுட்டுக்கொண்டு, கெடுத்துத் திருத்திக் கற்றுக்கொண்டதை எல்லாம் அந்த ஒரு வார்த்தையில் என் பிறப்புக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டாள். மேக்கப் போட வந்த பெண்ணும் என்னைப் போல் கைவேலைக்காரிதான். அவளை யார் வீட்டுப் பெண் என்று யாரும் கேட்கவில்லை.

“நல்ல வேள நீ வந்த. இப்பல்லாம் மாத்துக்கு ஆளே வர்றதில்ல. பொண்ணு எதுர்க்க புள்ளையார் கோயிலுக்குப் போயி வரணும். நீயே விரிச்சிடு.”

“நான் புடவை கட்ட வந்தேங்க. அதுக்குத்தான் புக் பண்ணாங்க.”

“இன்னாடி பெரிய புக்கு? உங்கப்பன் செய்யல? உங்க தாத்தன் செய்யல?”

நான் கல்யாணப் பெண்ணைப் பார்த்தேன். என்னை சிஸ்டர் என்றவள், கண்ணாடியில் தன் இமையைச் சரி பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தை மேல் வந்த கோபத்தைவிட அவள் மேல் வந்ததுதான் அதிகம். அத்தைக்குத் தெரியாது என்றாவது சொல்லிக்கொள்ளலாம். இவளுக்கு எல்லாம் தெரியும், அன்றைக்கு வாயைத் திறக்க மட்டும் தெரியவில்லை. குத்திய பின்னை எல்லாம் பிடுங்கிப் போட்டுவிட்டுப் போகலாமா என்று தோன்றியது. பிடுங்கவில்லை. கடைசிப் பின் வரைக்கும் குத்தி, முந்தானையை நீவிவிட்டு, “முடியாதுங்க” என்று அத்தையிடம் சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

பஸ் வரவில்லை. கரும்பு ஏற்றிய டிராக்டர்கள்தான் போய்க்கொண்டிருந்தன. அரை மணிக்கு மேல் மண்டபத்து எதிரிலேயே ரோட்டோரம் நின்றிருப்பேன். ஒரு டிராக்டருக்குப் பின்னால் அப்பாவின் மொபெட் வந்தது. முன்னால் வெள்ளைத் துணி மூட்டை.

“இன்னாப்பா இது?” என்றேன். அவர் என்னைப் பார்க்காமல் வண்டியை ஸ்டாண்ட் போட்டார். செருப்பைக் கழற்றினார்.

மேளம் முன்னால் போக, பெண் வெளியே வந்தாள். அப்பா குனிந்தார். விரித்தார், சுருட்டினார், ஓடினார், மறுபடி குனிந்தார். முட்டி வலிக்குத் தினமும் மாத்திரை போடுகிற மனுஷன். போட்டோகிராபர், “பெரியவரே, ஃபிரேம்ல வராதீங்க” என்று கத்தினான். அவள் அந்தத் துணி மேல் நிதானமாக நடந்தாள். நான் எடுத்த கொசுவத்தில் ஒரு மடிப்புக்கூடக் கலையவில்லை. அதைப் பார்க்கப் பார்க்க என் கை மேலேயே எனக்கு வெறுப்பு வந்தது.

அவர் பின்வாசலுக்குப் போய்விட்டு வரும்வரை நின்றிருந்தேன். கோமுகி அணைக்குப் பிரிகிற ரோடு வரைக்கும் பின்னால் உட்கார்ந்து போனேன். அதற்கு மேல் முடியவில்லை. நிறுத்தச் சொல்லி இறங்கிக் கத்தினேன். “நான் மாட்டேன்னு சொல்லிட்டு வந்து நிக்கிறேன், நீ போயி குனியறியே, உனுக்கு ரோஷமே இல்லியாப்பா?”

“அந்தம்மா போன் பண்ணிச்சி.”

“பண்ணா? வந்துடுவியா?”

“உம்பொண்ணு திமிரா பேசிட்டுப் பூட்டா, சுத்துப்பட்டுல ஒருத்தி வூட்லயும் அவ இனிமே கால் வக்க முடியாது, பாத்துக்கன்னு சொல்லிச்சி.” அவர் ஹாண்டில்பாரையே பார்த்துக்கொண்டு சொன்னார். “நீ ஆசப்பட்டு ஆரம்பிச்ச தொழிலு. நான் குனியறது இன்னா புதுசா? வா, ஏறு.”

நான் ஏறவில்லை. டவுன் பஸ் பிடித்துத்தான் வீட்டுக்குப் போனேன். ரெண்டு வாரம் அவரோடு பேசவில்லை.

அவர் கணக்கு தப்பவில்லை, அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். அந்தக் கல்யாணத்துக்கு வந்தவர்கள் வழியாகத்தான் எனக்கு ஆர்டர் பெருகியது. மூங்கில்துறைப்பட்டு வரைக்கும் கூப்பிடுகிறார்கள். அந்தப் பெண் கல்யாணப் படத்தைப் போட்டு என்னையும் டேக் செய்து, கைகூப்பும் பொம்மை ஒன்று வைத்திருந்தாள். நான் அவளை பிளாக் செய்தேன். என்னால் முடிந்தது அவ்வளவுதான்.

இப்போதெல்லாம் கல்யாண வேலைக்குக் கிளம்பும்போது அப்பாவின் போனை வாங்கி, அணைத்து, என் பையில் போட்டுக்கொண்டு போகிறேன். எதற்கு என்று அவர் ஒரு நாளும் கேட்டதில்லை. நான் செருப்பு மாட்டும்போதே சட்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டிவிடுகிறார்.