புள்ளி விழாத மிஷின்

அப்பா எழுதிய கதைகளைச் செல்போனில் தட்டிக்கொண்டிருக்கிறேன். மெய்யெழுத்துக்குப் புள்ளி தானாக விழுகிறது.

பாகூர் வீட்டில் அவர் வைத்திருந்த தமிழ் டைப்ரைட்டரில் புள்ளிக்கான கீ உடைந்திருந்தது. ‘அவன் வந்தான்’ என்று அடித்தால் ‘அவன வநதான’ என்றுதான் விழும். ரிப்பன் வாசம் அடிக்கும் தாள்களில் அம்மா பேனாவால் புள்ளி வைப்பாள். மை காய நான் ஊதுவேன். பத்திரிகைக்குப் போன கதையெல்லாம் திரும்பி வந்தது.

“புள்ளிய ஒழுங்கா வெச்சியாடி?” என்று ஒருநாள் அப்பா கத்தினார்.

“இனிமே நீயே வெச்சிக்க” என்று அம்மா பேனாவை வீசினாள்.

அதன்பிறகும் அவர் சாகும்வரை டைப் அடித்தார். யாரும் புள்ளி வைக்கவில்லை. அவருக்குப் பின்னால் அம்மாவும் போய்விட்டாள்.

கடைசிக் கதையையும் இன்று தட்டி முடித்தேன். ஒரு புள்ளிகூட விட்டுப்போகவில்லை. கதைகள்தான் நன்றாக இல்லை.