லீவு நாள் பிரஷர்

என் அம்மா பதினாறு வருஷமாகப் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். பிள்ளைகளுக்கு அவர் ‘டிரைவரம்மா’. எந்த வீட்டு வாசலிலும் ஹாரன் அடிக்கமாட்டார். கண்ணாடியை இறக்கி, “மகாராணி எழுந்தாச்சா, பல்லக்கு அனுப்பவா?” என்று ஒரு குரல் கொடுப்பார். ஷூவுக்குள் பாதிக் காலோடு பிள்ளை ஓடி வரும்.

எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். அதனால் வீட்டுக்கு வரும் காகிதமெல்லாம் என் கைக்குத்தான் வரும்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அம்மாவுக்கு ரத்த அழுத்தம் என்று தெரிந்தது. தினமும் காலையில் ஒரு மாத்திரை. அம்மா அதை ஒரு நோயாகவே ஒப்புக்கொள்ளவில்லை.

“தலை சுத்தல, மயக்கம் வரல. அப்புறம் எங்கேடி இருக்கு பிரஷர்?”

“பெரும்பாலும் வெளியே தெரியாதும்மா. அதனாலதான் அளந்து பாக்கறாங்க.”

“கண்ணுக்கே தெரியாதவனுக்கு நான் தினம் படியளக்கணுமா?”

இருந்தாலும் அவர் வேன் சாவியை எடுக்கும்போது, “மாத்திரை சாப்பிட்டியா?” என்று கேட்பேன். “சாப்பிட்டேன் தாயே” என்பார். என் கடமை முடிந்தது.

இந்த வருஷம் பள்ளி நிர்வாகம் ஓட்டுநர்களுக்கு உடல் பரிசோதனை வைத்தது. தேறாதவர்கள் வண்டியைத் தொடக்கூடாது. நான்கு நாள் விடுமுறை முடிந்த மறுநாள் பரிசோதனை. ஆங்கிலத்தில் வந்த தாளைப் படித்துவிட்டு அம்மாவிடம் சொன்னேன்: “காலையில எதுவும் சாப்பிடக்கூடாதாம். ரத்தம் எடுப்பாங்க. தண்ணி மட்டும் குடிக்கலாம்.”

அன்று நானும் கூடப் போனேன். நர்ஸ் அம்மாவின் கையில் பட்டையைச் சுற்றி அளந்தார். நூற்று எழுபத்தெட்டு, கீழே நூற்று எட்டு. பத்து நிமிஷம் உட்காரவைத்து மறுபடி அளந்தார். பெரிதாகக் குறையவில்லை.

“காலையில மாத்திரை போட்டீங்களாம்மா?”

“இல்லையே.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. “ஏம்மா போடல?”

“நீதானே எதுவும் சாப்பிடக்கூடாதுன்னு சொன்னே?”

“மாத்திரை சாப்பாடாம்மா?”

“அப்ப தினம் ‘மாத்திரை சாப்பிட்டியா’ன்னு கேக்கறது யாரு, பக்கத்து வீட்டுக்காரியா?”

தாளைப் பிரித்துப் பார்த்தேன். அடுத்த வரியிலேயே இருந்தது: ரத்த அழுத்த மாத்திரையை வழக்கம்போல் கொஞ்சம் தண்ணீருடன் போட்டுக்கொள்ளவும். அதையும் படித்திருந்தேன். இதைக்கூடச் சொல்ல வேண்டுமா என்று விட்டிருக்கிறேன்.

நர்ஸ் விடவில்லை. “ஒரு வேளை விட்டதுக்கு இவ்வளவு ஏறாதே. நேத்து போட்டீங்களா?”

அம்மா எடை பார்க்கும் மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தார். “நேத்து லீவு.”

“பள்ளிக்கூடத்துக்குத்தானே?”

“வண்டி ஓட்டல, யாரையும் திட்டல. பிரஷர் எங்கேருந்து வரும்?”

நர்ஸுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. “உங்க இதயத்துக்கு ஞாயித்துக்கிழமை கிடையாதும்மா. இப்படி விட்டு விட்டுப் போட்டா அதுக்கும் அடி, மூளைக்கும் அடி, கிட்னிக்கும் அடி.”

டாக்டர் மாத்திரையை மாற்றவில்லை. ஒரு நாளும் விடாமல் போட்டு இரண்டு வாரம் கழித்து வரச் சொன்னார். அதுவரை வேன் கிடையாது.

“என் பிள்ளைங்களை யாரு கூட்டிட்டுப் போவாங்க?” என்று அம்மா கேட்டார்.

வழியெல்லாம் எனக்கு அந்த நான்கு நாள்தான் மனதில் ஓடியது. விடுமுறையில் எனக்கும் ஆபீஸ் இல்லை; பத்து மணி வரை தூங்குவேன். நான் கேட்காத நாளெல்லாம் அவர் போடாத நாள். மூன்று வருஷமாக ஒரே கேள்வியைக் கேட்டிருக்கிறேன். அவர் அதை என்னவென்று புரிந்துகொண்டார் என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

அந்த இரண்டு வாரமும் வாசலில் நின்று, தன் வேனை வேறொருவர் ஓட்டிப் போவதைப் பார்த்தார். “ஹாரனைப் பாரு, தீயணைப்பு வண்டி மாதிரி” என்று முணுமுணுத்தார். உப்பைக் குறைத்த குழம்பைக் கையில் விட்டு நக்கி, “நான் என்னடி பாவம் செஞ்சேன்?” என்றார். சாயங்காலம் நாங்கள் இருவரும் அரைமணி நேரம் நடந்தோம். எல்லாவற்றையும்விடக் கஷ்டம், நான் வாங்கி வந்த மெஷினில் பிரஷர் அளப்பதற்கு முன் ஐந்து நிமிஷம் பேசாமல் உட்காருவது. மூன்றாவது நிமிஷத்தில் கண்ணாலேயே பேச ஆரம்பித்துவிடுவார்.

இரண்டு வாரம் கழித்து நூற்று முப்பத்திரண்டு, எண்பத்திரண்டு. டாக்டர் கையெழுத்துப் போட்டார்.

“அதான் எறங்கிடுச்சே. இனிமே நிறுத்திடலாமா டாக்டர்?”

“மாத்திரை போட்டதாலதான் எறங்கியிருக்கு. நிறுத்தணும்னா நான் சொல்றேன். நீங்களா நிறுத்தாதீங்க.”

மறுநாள் காலை அம்மாவின் வேனிலேயே ஆபீசுக்குப் போனேன். ஏறிய பிள்ளைகளெல்லாம், “ஏன் டிரைவரம்மா இத்தனை நாள் வரல?” என்று பிடித்துக்கொண்டார்கள்.

“பரீட்சையில ஃபெயிலாயிட்டேன். மறுபடி எழுதினேன், பாஸ்.”

“எவ்வளவு மார்க்?”

“மொத தடவை நூத்தி எழுபத்தெட்டு. இப்ப நூத்தி முப்பத்திரண்டு.”

“கம்மியாத்தானே வாங்கியிருக்கீங்க?”

“இதுல கம்மியா வாங்கினாத்தான் பாஸ்.”

பின் சீட்டில் ஒரு நிமிஷம் ஆழ்ந்த யோசனை. பிறகு ஒரு சின்னக் குரல் கேட்டது: “டிரைவரம்மா, இதை எங்க அம்மாகிட்ட வந்து சொல்றீங்களா?”